மணி தொங்கிய வேம்பு

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன், மதுரையில் இறங்கிய மறுநாளே கைப்பேசியை என் முன் நீட்டி, "மாமா, நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பெட்டி வைக்கணும். நான் ஊருக்குப் போனதும் நீங்கதான் அதைப் பார்த்துக்கணும்" என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை. அங்கே பூங்காக்களிலும் பாலங்களின் அடியிலும் இப்படிப் பல பெட்டிகளைத் தேடிக் கண்டெடுத்திருக்கிறான். அவன் சொல்லித்தான் ஜியோகேச்சிங் என்ற சொல்லையே நான் முதன்முறையாகக் கேட்டேன்.

ஒருவர் சிறு பெட்டி ஒன்றைப் பொது இடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிகிறார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடி வந்து, பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளிருக்கும் சிறு பொருள் எதையாவது எடுத்துக்கொண்டால், அதே மதிப்புள்ளதாகவோ கூடுதலாகவோ இன்னொன்றை வைக்க வேண்டும். அமெரிக்க அரசு, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். சைகையில் தானே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் அளவுக்குத் தடுமாறிய கருவிகள் ஒரே இரவில் பத்து மீட்டருக்குள் இடம் காட்டத் தொடங்கின. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் டேவ் உல்மர் என்பவர் மே 3 அன்று ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியை வைத்துவிட்டு, அதன் எண்களை இணையக் குழு ஒன்றில் வெளியிட்டார். அந்த முதல் வாளி பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது. பிற்பாடு இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியபோது, பெட்டியை வைப்பதற்காகவோ எடுப்பதற்காகவோ நிலத்துக்குரியவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் எவரும் மண்ணைத் தோண்டக் கூடாது என்பது விதியாயிற்று.

அந்த விதியைக் கேட்ட பிறகுதான் எனக்கு இதில் மனம் ஒட்டியது. தமிழில் இதைப் புதையல் வேட்டை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் ஏற்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் புதையல் என்ற சொல் எங்கே புழங்குகிறதோ அங்கே பின்னாலேயே கடப்பாரையும் வந்துவிடுகிறது. பாழடைந்த கோயிலின் பீடத்தைப் பெயர்ப்பதும், முதுமக்கள் தாழியைத் தங்கக் குடமென்று எண்ணி உடைப்பதும், நடுகல்லின் அடியைக் குடைவதும் அந்தச் சொல்லை நம்பித்தான் நடக்கின்றன. மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. தோண்டுகிறவர்கள் அதைப் படித்துவிட்டா தோண்டுகிறார்கள்?

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் முதலில் என் எண்ணம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பக்கம்தான் போயிற்று. மீனாட்சிபுரத்துக் குன்றில், மாங்குளம் கல்வெட்டுகள் என்று அறியப்படும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறிப்புகளில், சமணத் துறவியர் தங்கிய இடம் பள்ளி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் என்று நாம் இன்று சொல்கிற சொல்லின் முன்பாதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாறையில் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைக்குக் காட்ட விரும்பினேன். காட்டவும் செய்தேன். ஆனால் பெட்டி வைக்க அது ஏற்ற இடமன்று. தொன்மைச் சின்னங்களுக்கு ஊறு நேரக்கூடிய இடத்தில் வைப்பது இந்த விளையாட்டிலேயே தகாத செயல். அந்த இரு ஊர்களிலும் 193 ஹெக்டேர் நிலம் 2022ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டுமிருக்கிறது. அங்கே போகிறவர் பார்த்துவிட்டுத் திரும்புவதே போதும்.

பிறகு நாங்கள் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். அதன் குறிவிளக்கத்தில் மக்கள் வாழும் ஊருக்கு ஒரு குறியும் ஆள் ஒழிந்த ஊருக்கு வேறொரு குறியும் உண்டு. "ஆளே இல்லாத ஊருக்கும் மேப்ல குறி போட்டிருக்காங்களா மாமா?" என்று அவன் கேட்ட கேள்வியிலேயே இடம் முடிவாகிவிட்டது.

திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடியைத் தாண்டி, நாற்கரச் சாலையை விட்டுப் பிரியும் மண் பாதையில் சென்றால், கரிசல் காட்டின் நடுவே அந்த இடம் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் வேறொரு பெரிய கிராமத்தின் உட்கடையாக இருந்த சிற்றூர் அது. பெயரை இங்கே எழுதவில்லை. பெட்டியின் எண்களைப் பார்த்து வருகிறவர் தோண்டக் கூடாது என்ற விதியை அறிந்து வருகிறவர். ஊரின் பெயரைப் படித்துவிட்டு வருகிறவர் யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியாது.

ஊர் ஒழிந்த இடத்தைக் கண்டுகொள்ளக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சீமைக்கருவேலமும் உடைமரமுமாகக் கிடக்கிற காட்டில் திடீரென்று இரண்டு புளிய மரங்கள், ஒரு பூவரசு, வரிசையாக நான்கு வேம்புகள் என்று நின்றால், அவை யாரோ வாசலுக்கு நிழல் வேண்டுமென்று நட்டவை. அதற்குள் நுழைந்ததும் காலடி மண்ணின் நிறம் மாறுகிறது. கரிசலின் கருமை போய்ச் சாம்பல் பூத்த மண் வருகிறது. தலைமுறை தலைமுறையாக அடுப்புச் சாம்பலும் சாணமும் குப்பையும் விழுந்து விழுந்து ஆன மண் அது. அந்த மண்ணை விரும்பி வளரும் ஊமத்தையும் குப்பைமேனியும் நாயுருவியும், பக்கத்துக் காட்டில் இல்லாத செழிப்போடு அங்கே நிற்கின்றன. வண்டியில் ஏற்ற முடிந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் குடியோடு போய்விட, தூக்க முடியாத பெரிய உரல் மட்டும் மழைநீரை ஏந்திக்கொண்டு கிடக்கிறது. பானை ஓடுகளுக்கோ கணக்கில்லை. ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போடப் போன பிள்ளையிடம் அதை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். கீழடியில் இதே போன்ற ஓடுகளைத் தொல்லியலாளர்கள் குழிக்குக் குழி, அடுக்குக்கு அடுக்கு, ஆழத்தை அளந்து எழுதிக்கொண்டுதான் எடுத்தார்கள் என்றும், இடம் தெரியாத ஓடு எதையும் சொல்லாது என்றும் விளக்கினேன். அவன் முகம் சற்று வாடினாலும் வைத்துவிட்டான்.

நாங்கள் அப்படிக் குனிந்தும் நிமிர்ந்தும் திரிந்ததைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தொரட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"எந்த ஊரு தம்பி? இங்கிட்டு என்ன தேடுறீக?"

மதுரை என்றேன். பெட்டியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். அவர் என் பையைப் பார்த்தார். பிள்ளையின் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

"தோண்டுறதுக்கு மிசினா அது?"

"இல்லைங்கய்யா. இது இடத்தைக் காட்டுற கருவி. நாங்க தோண்ட வரல."

"போன வருசமும் ரெண்டு பேரு இப்பிடித்தேன் சொன்னாக. மறு அமாவாசைக்கு அய்யனார் பீடத்துக்குப் பின்னால ஆளு ஆழத்துக்குக் குழி கெடந்துச்சு."

அதற்கு மேல் எதை விளக்கினாலும் அவர் காதில் ஏறாது என்று தோன்றியது. தண்ணீர்ப் புட்டியை நீட்டிவிட்டுப் புளிய மர நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார். வெகுநேரம் ஆடுகளைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசினோம். பிள்ளைதான் நடுவில், "தாத்தா, இங்க ஸ்கூல் இருந்துச்சா?" என்று கேட்டான். அவர் எழுந்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

பள்ளிக்கூடம் ஊரின் வடகோடியில் இருந்திருக்கிறது. ஒரே அறை, இடுப்பளவுக்குச் செங்கல் சுவர் நிற்கிறது, காரை உதிர்ந்து, கூரையின் மங்களூர் ஓடுகள் உள்ளேயே விழுந்து நொறுங்கிக் கிடக்கின்றன. மேற்குச் சுவர் மட்டும் தோளளவு நிற்பதால், சுவரிலேயே சிமிட்டி பூசிக் கறுப்படித்த கரும்பலகையின் கீழ்ப்பாதி தப்பியிருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் இப்படி ஓராசிரியர் பள்ளிகள் சிற்றூர்கள்தோறும் எழுந்தன. 1956இல் மதிய உணவும் வந்தது. பெரியவர் இந்த அறையில் மூன்றாம் வகுப்புவரை படித்திருக்கிறார். ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு, எதிர் மூலையில் ஐந்தாம் வகுப்பு, நடுவில் ஒரே வாத்தியார். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகள் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவார்களாம்; சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை. இன்றும் சுவரின் உச்சிவரை கோவைக்கொடிதான் ஏறியிருக்கிறது. ஊமத்தை வாசலிலேயே நிற்கிறது. பாடசாலையின் பொருள்களில் மிஞ்சியவை அவை இரண்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது தவறு என்று அவர் அடுத்து காட்டியதில் தெரிந்தது.

பள்ளிக்கு முன்னால் நிற்கும் வேம்பின் தாழ்ந்த கிளையில், பட்டை இருபுறமும் உதடு போலத் திரண்டு மூடியிருக்க, அதன் நடுவிலிருந்து விரலளவுக்கு ஒரு துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியை மரம் விழுங்கியிருக்கிறது.

"இதுலதேன் தண்டவாளம் தொங்குச்சு. வாத்தியாரு ஒரு தட்டு தட்டுனா ஊருணிக்கரைவரைக்கும் கேக்கும். மாடு மேய்க்கப் போனவன்கூட ஓடியாருவான், சோத்துக்கு."

மதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் இருப்புப்பாதை அருகிலேயே ஓடுவதால் இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தண்டவாளத் துண்டுதான் மணி. அந்தத் துண்டு என்னவாயிற்று என்று கேட்டேன். ஊர் ஒழிந்தபோது புது ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்.

அந்த ஊர் பஞ்சத்தில் செத்த ஊரன்று. தாது வருஷப் பஞ்சத்திலும் அதையொட்டி வந்த காலராவிலும், அதாவது 1876 முதல் 1878 வரையிலான ஆண்டுகளில், பாழான ஊர்கள் என்று தென்மாவட்டங்களில் பல இடங்களைக் கைகாட்டுவார்கள். இது அண்மைக் காலத்துக் கதை. கரிசலில் தோண்டும் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர்தான் ஊறும். குடிக்க ஊருணியை விட்டால் வழியில்லை. அடுத்தடுத்து மழை பொய்த்து ஊருணி வற்றியதும், பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடக்க வேண்டியதாயிற்று. பேருந்துச் சாலையோரத்தில் அடிகுழாய் போட்டபோது முதலில் இரண்டு வீடுகள் அங்கே பெயர்ந்தன. பிள்ளைகள் குறைந்ததும் பள்ளி மூடியது. பள்ளி மூடியதும் மற்ற வீடுகளும் கிளம்பின. வரிசை இதுதான் என்று பெரியவர் விரல் மடக்கிச் சொன்னார்: "தண்ணி, பள்ளிக்கூடம், அப்புறம் ஊரு."

பெட்டியை எங்கே வைக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் சுவரின் செங்கல் இடுக்கைத் தடவியபோது, "கையை உள்ள விடாதீக. கட்டுவிரியன் கெடக்கும்" என்று தடுத்தவர், தானே வேம்பின் கவட்டைக் காட்டினார். அதுவரை எங்களைச் சந்தேகித்தவர் இடமும் காட்டிய அந்தக் கணத்தை என் மருமகன் இன்றும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறான்.

ஆனால் அன்றைக்கே நாங்கள் வைக்கவில்லை. நிலத்துக்குரியவரின் ஒப்புதல் இல்லாமல் வைக்கக் கூடாது. நத்தமென்றும் புறம்போக்கென்றும் பட்டாவென்றும் கிழிந்து கிடக்கிற அந்த இடத்துக்கு யாரிடம் கேட்பது என்று விசாரித்து, கடைசியில் சாலையோரப் புது ஊரில், அய்யனாருக்குப் பூசை செய்யும் குடும்பத்து மூத்தவரையும், பள்ளி நின்ற மனையை அந்தக் காலத்தில் கொடுத்த குடும்பத்தாரையும் பார்த்துப் பேசினோம். தோண்ட மாட்டோம், மரத்தில் ஆணி அடிக்க மாட்டோம், கோயில் எல்லைக்குள் வைக்க மாட்டோம் என்று சொன்னபோது சம்மதித்தார்கள். வெளிநாடுகளில் இராணுவத் தோட்டாப் பெட்டியைத்தான் பலர் இதற்குப் பயன்படுத்துவார்களாம். கரிசல் காட்டு மரத்தில் அப்படியொரு பெட்டி தொங்கினால் என்ன ஆகும் என்று எண்ணி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற திருகுமூடி டப்பா ஒன்றை எடுத்தோம். இது என்ன, யார் வைத்தது, உள்ளே ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்பதைத் தமிழில் எழுதி ஒட்டினோம். கோடு போட்ட நோட்டு ஒன்று. வெயிலில் பேனா மை காய்ந்துவிடும் என்பதால் பென்சில். எடுத்துக்கொள்ளவும் மாற்றி வைக்கவும் சிலேட்டுக் குச்சிகள், சோழிகள். தின்பண்டம் கூடாது, எறும்பும் அணிலும் டப்பாவைக் கடித்துவிடும்.

எண்களைக் குறிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகை வந்து சேர எடுத்த நேரத்தை அளந்துதான் கருவி இடத்தைக் கணிக்கிறது. திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் பிழையோடு நிற்கும் கணக்கு, வேம்பின் அடர்ந்த இலைக்குக் கீழே பத்து மீட்டர்வரை அலைந்தது. இந்த விளையாட்டில் எண்களைப் பாகையாகவும் (டிகிரி) கலையாகவும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலையை மூன்று தசமத்துக்கும் எழுதுவார்கள்; கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.8 மீட்டர் மாறும். ஆகவே மூன்று நாள்கள், வெவ்வேறு நேரங்களில் போய், பலமுறை அளந்து சராசரி எடுத்தோம். மூன்று நாளும் பெரியவர் ஆடுகளோடு வந்து உடன் நின்றார். மூன்றாம் நாள் பெட்டியைக் கவட்டில் வைத்துக் கயிற்றால் கட்டியவர் அவர்தான். பிள்ளை ஊருக்குப் போய்விட்டான். பராமரிப்பு என் பொறுப்பாயிற்று.

பங்குனியில் பெட்டியைச் சரிபார்க்கப் போனேன். பெங்களூரிலிருந்து வந்த இருவர் மட்டும் பதிந்திருப்பதாக இணையத்தில் பார்த்திருந்தேன். நோட்டைத் திறந்தால் நான்கு பக்கங்கள் நிரம்பியிருந்தன. மாசிச் சிவராத்திரியை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ஊர் ஒழிந்தாலும் குலதெய்வம் ஒழிவதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் சிவராத்திரிக்குச் சாமியின் பெட்டியைச் சுமந்துகொண்டு பாப்பாபட்டிக்குப் பெருங்கூட்டமாக நடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். இந்தச் சிறிய அய்யனாரையும் தேடி, திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜி.பி.எஸ். எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெரியவர் கூட்டி வந்து காட்டியிருக்கிறார். அவர்கள் வெறும் பெயரும் தேதியும் எழுதவில்லை. கிணற்றடி வீடு, பூவரச மரத்து வீடு, வடக்குத் தெரு கடைசி வீடு என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் வகுப்பையும் குறித்திருந்தார். ஒரு பக்கம் முழுவதும் யாரோ ஊரின் தெருக்களைக் கோடு கோடாக வரைந்து, வீட்டுக்கு வீடு பெயர் போட்டிருந்தார்கள். எழுத்து மூன்று பேருடையது. ஒருவர் போட்டதை இன்னொருவர் அடித்துத் திருத்தியும் இருந்தார். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளாமல் வர எனக்கு மனமில்லை. சிலேட்டுக் குச்சிகள் தீர்ந்திருந்தன. அவற்றுக்கு ஈடாக ஒரு பொட்டலம் திருநீறும் இரண்டு ரூபாய் நாணயங்கள் சிலவும் கிடந்தன.

திரும்புகிற வழியில் புது ஊரில் நின்று, பூசாரி வீட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தெருவே கூடிவிட்டது. கோயில் திண்ணையோரம் தொங்குகிற தண்டவாளத் துண்டையும் அன்றுதான் பார்த்தேன்; அதன் பக்கவாட்டில், பெயிண்டுக்கு அடியில், அதை உருட்டிய ஆலையின் முத்திரையும் ஆண்டும் மேடெழுத்தாக இருந்தன. தண்டவாளங்களில் அப்படிப் பொறிப்பது வழக்கம்.

பெட்டிகளில் பல நிலைப் பெட்டி என்றொரு வகை உண்டு. இணையத்தில் தரும் எண்கள் முதல் இடத்துக்கு மட்டுமே அழைத்துப் போகும். அங்கே கிடைக்கும் தகவலைக் கொண்டு அடுத்த இடத்தைக் கணக்கிட வேண்டும். முதல் இடமாக இந்தத் தண்டவாளத்தை வைக்கலாமா, வருகிறவர்கள் அதிலுள்ள ஆண்டைப் படித்துக் கூட்டிக் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டுமா என்று கேட்டேன். அப்படியானால் யார் வந்தாலும் ஊரார் கண்ணில் பட்டுத்தான் போக முடியும். பீடத்துக்குப் பின்னால் குழி பறிக்க நினைப்பவனுக்கு அது தோதுப்படாது என்பதும் என் கணக்கு. ஆண்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இங்கிட்டே வரச் சொல்லுப்பா. வெயில்ல நடந்து போறவுகளுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்து அனுப்புவோம்" என்றார்.

பழைய பதிவை நீக்கிவிட்டேன். தண்டவாளத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆண்டைப் படியெடுத்து, மருமகனுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த நான்கு இலக்கங்களிலிருந்து வேம்புக்கு வழி செய்யும் கணக்கை அவன் எழுதிக்கொண்டிருக்கிறான். வேம்பின் கவட்டில் இருநூறு பக்க நோட்டு ஒன்றை வைத்தாயிற்று. நிரம்பிய நோட்டு பூசாரி வீட்டில் இருக்கிறது.